வெர்னா வீட்டுப் பை

பேயாக வந்தாலும் சரி, சூனியக்காரியாக வந்தாலும் சரி, ஒரு ஜோக் சொல்லாமல் வெர்னாவின் கையிலிருந்து மிட்டாய் வாங்கிவிட முடியாது. எங்கள் டி மோயின் ஊருக்கே உள்ள வழக்கம் அது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஹாலோவீன் அன்று வேஷம் கட்டிக்கொண்டு கதவைத் தட்டிக் கையை நீட்டினால் போதும். எங்கள் பிள்ளைகள் ஒரு நாள் முன்னாடியே, அக்டோபர் முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடும். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு ஜோக் சொல்லும். அந்த நாளுக்குப் 'பிச்சைக்காரர் இரவு' என்று பெயர். பெயர் வைத்தவனை நான் பார்த்ததில்லை. பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன்.

வெர்னாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அவள் இருபத்திரண்டு வருஷமாக, நான் பதினாலு வருஷமாக. என் பெயர் ஜெரால்டின், ஜெரி என்றால் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதுவும் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

உயரமான பெண். தலைமுடியை வலைக்குள் அடக்கிக்கொண்டு பரிமாறும் இடத்தில் நின்றாளானால் முன்னூற்று நாற்பது பிள்ளைகள் அவளைக் கடந்து போகும். அதில் பாதிப் பேரின் குடும்பப் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்காது, எதற்கு முட்டை ஆகாது, எது காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். கல்யாணம் ஆகி ஒரே வருஷத்தில் புருஷன் லாரியை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். "லாரி நல்ல லாரிடி" என்பாள் வெர்னா. அவனைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் அவ்வளவுதான்.

அவளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. ஒத்துக்காத பிள்ளைக்குத் தனித் தட்டு வைக்க வேண்டும் என்றால், அது தனித் தட்டு என்று பக்கத்திலிருக்கிற பிள்ளைக்குத் தெரியவே கூடாது. அதே தட்டு, அதே கிண்ணம், அதே சிரிப்பு. கை மட்டும் வேறு பாத்திரத்துக்குள் போய் வரும். அந்தப் பிள்ளைக்கே கூடச் சில சமயம் தெரியாது.

"எதுக்குடி இந்த மாயாஜாலம்? 'உனக்கு இது ஆகாது, இதைத் தின்னு'ன்னு சொல்லிட்டுப் போயேன்" என்று ஒரு நாள் கத்தினேன்.

அவள் கரண்டியைத் துடைத்தபடி சொன்னாள். "நான் படிச்ச ஸ்கூல்ல காசு குடுக்கிற பிள்ளைக்கு வெள்ளைச் சீட்டு, இலவசமா சாப்பிடுற பிள்ளைக்குப் பச்சைச் சீட்டு ஜெரி. வரிசையில நிக்கும்போது அதை உள்ளங்கையில கசக்கி வச்சிருப்பேன். வேர்வையில பச்சைச் சாயம் கையில ஒட்டிக்கும். சாயங்காலம் வரைக்கும் போகாது."

நான் அழுக்குத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

பிச்சைக்காரர் இரவு என்றால் அவளுக்குத் திருவிழா மாதிரி. காலையிலிருந்தே ஆரம்பித்துவிடுவாள். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு, கூடவே லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். இரண்டையும் சேர்த்துத் தின்பது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் சொர்க்கம். "வயிறு நெறஞ்சு போற பிள்ளை வழியில மிட்டாயை வாயில போடாது" என்று இரண்டாம் கரண்டியும் ஊற்றுவாள். சாயங்காலம் வீட்டு வாசல் படி மேல் நாற்காலி போட்டு உட்காரும்போது ஏப்ரனில் ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருக்கும். தரையில் புரளும் அங்கியைத் தூக்கி ஊக்கு போடுவாள். மிட்டாயைக் கொடுத்ததும் முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்புவாள். பிள்ளைகள் செல்லத்துக்குத் தட்டுவதாக நினைக்கும். உள்ளங்கையில் ஒளிர்கிற வெள்ளி நாடா ஒரு துண்டு ஒட்டியிருக்கும், அது முதுகுக்குப் போய்விடும். கார்க்காரன் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும்.

என் வேலை அவள் வீட்டை ஒட்டிய தெருமுனையில் டார்ச்சோடு நிற்பது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளாமல் ஒரு பிள்ளை ரோட்டில் கால் வைக்க முடியாது. "மூஞ்சிய மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டுறதுக்கு நீ என்ன கோழியா?" என்று நான் கேட்பேன். கோழி கூட இரண்டு பக்கமும் பார்க்கும் என்று பதில் சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

நான் சொல்ல வந்த வருஷம் தொண்ணூற்றெட்டு. அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட வேலை முடிந்ததும் அவள் வீட்டு மேஜையில் இருவரும் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். நூற்றிருபது ஆரஞ்சுக் காகிதப் பைகள், எல்லாம் ஒரே மாதிரி. நூற்றுப் பதினேழு பையில் மிட்டாய்களோடு பூசணி முகம் போட்ட தங்கத்தாளில் சுற்றிய ஒரு சாக்லேட். மொத்தக் கடையில் எடை போட்டு வாங்கியது, தாளில் ஓர் எழுத்து கிடையாது. உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் அடைத்தது. மீதி மூன்று பையில் சாக்லேட்டுக்குப் பதில் ஒரு ரப்பர் பந்து. அந்த மூன்றும் அவள் நாற்காலிக்கு அடியில் இருக்கிற கூடைக்குள் போகும், கடலை ஒத்துக்காத மூன்று பிள்ளைகளுக்கு.

"எல்லாருக்கும் பந்தையே குடுத்துத் தொலையேன்" என்றேன். "கடலை எதுக்கு?"

"அந்த சாக்லேட்டுக்குத்தான்டி ஊரே என் வாசலுக்கு வருது."

"மூஞ்சி தெரியாத பேய்க் கூட்டத்துல யாரு யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"ஜோக்கு இருக்கே" என்றாள். "ஒரு மாசமா என்கிட்டதானே சொல்லிப் பாக்குதுங்க. எந்த ஜோக்கு எந்தப் பிள்ளையோடதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பிருக்கேனா?"

தப்பியதில்லை. அது உண்மைதான். அதனால் நானும் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த மூன்றில் டெஸ்ஸாவுக்குத்தான் ஆபத்து அதிகம். எட்டு வயசு, முன்பல் இரண்டும் விழுந்த வாய், ஓயாத பேச்சு. கடலை பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள். அவள் அம்மா மோரா, அப்படி அடைத்தால் உடனே தொடையில் போடுகிற ஊசி மருந்தைப் பையிலேயே வைத்திருப்பாள், கைக்குழந்தையின் தள்ளுவண்டியில் அந்தப் பை எப்போதும் தொங்கும். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கிற வரைக்கும் டெஸ்ஸா எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது மோராவின் கட்டளை. ஒரே ஒரு விலக்கு உண்டு. வெர்னா வீட்டுப் பையை மட்டும் வழியிலேயே பிரிக்கலாம், தின்னலாம். வெர்னா தப்பாக எதையும் கொடுக்கமாட்டாள். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

டெஸ்ஸாவின் ஜோக் சமையலறைக்கே மனப்பாடம். "பூசணிக்காய்க்கு ஏன் பல்வலி வர்றதே இல்ல?" என்பாள். பிறகு நாலு எண்ணுகிற வரைக்கும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "வருஷத்துல ஒரே ஒரு நாள்தானே அதுக்குப் பல்லு!" மூன்று வருஷமாக இதே ஜோக், இதே நாலு எண்ணிக்கை. வெர்னா ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போல் சிரிப்பாள்.

அன்று சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி வந்தது. முதலில் தெருவின் கீழ்க்கோடியில் வெள்ளையாக நின்றது, அப்புறம் மெதுவாக வீடுகளுக்கு நடுவே நுழைந்து படிகளில் ஏறியது. வாசல்களில் செதுக்கி வைத்த பூசணிகளின் வெளிச்சம் மட்டும் வரிசையாக மிதந்தது. எங்கோ உதிர்ந்த இலைகளைக் குவித்து எரித்திருக்கிறார்கள், அந்த வாசனை. ஆறு மணி அடித்ததும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கின. கால் தெரியாது. தொப்பி வரும், இறக்கை வரும், ஒரு வால் வரும், அப்புறம் சிரிப்புச் சத்தம் வரும். குளிருக்குக் கோட்டைப் போட்டு அதன் மேல் வேஷம் போட்டிருந்ததால் எல்லாம் ஒரே பருமன். பாதிக்கு மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திய பேய்கள். தெரு தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே விழித்திருக்கிறேனா என்று ஒரு முறை கையைக் கிள்ளிப் பார்த்தேன்.

வெர்னா படி மேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பைக் கூடை. பின்னால் வாசல் விளக்கு. ஒவ்வொரு பேயாக முன்னால் வந்து நின்று, துணிக்குள்ளிருந்து ஜோக் சொல்லி, பையை வாங்கி, முதுகில் தட்டு வாங்கிக்கொண்டு பனிக்குள் கரைந்தது.

"மாடு ஏன் மாறுவேஷம் போடல?" என்று ஒரு கரகரத்த குரல் கேட்டது. வேண்டுமென்றே தொண்டையைக் கட்டிக்கொண்டு பேசுகிற குட்டிப் பேய். "புள்ளி போட்ட டிரஸ் ஏற்கெனவே போட்டிருக்கே!"

"அட, இது புதுசு!" என்று வெர்னா சிரித்தாள். மடியிலிருந்த கூடையிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தாள். அது என் முனைக்கு வராமல், ரோட்டைத் தாண்டாமல் மறுபக்கமாகப் போய்விட்டது.

அதற்கு மூன்று பிள்ளைகள் தள்ளி இன்னொரு பேய். மெல்லிய குரலில், ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்து, பூசணிக்காய்க்கு ஏன் பல்வலி வருவதில்லை என்று கேட்டது. நாலு எண்ணுகிற வரைக்கும் அசையாமல் நின்றது. பதிலைச் சொன்னது. நான் தெருமுனையிலிருந்தே கேட்டேன், டெஸ்ஸா என்றுதான் நானும் நினைத்தேன். சளி பிடித்திருக்கிறது போல, பாவம் என்று கூட நினைத்தேன். வெர்னாவின் கை நாற்காலிக்கு அடியில் போய் வந்தது.

அந்தப் பேய் என்னிடம் வந்து நின்றது. "முகமூடி மேல" என்றேன். விரிப்பு மேலே ஏறியது. உள்ளே டெஸ்ஸா இல்லை. மெரிமா. அந்தக் கோடையில்தான் போஸ்னியாவிலிருந்து அப்பா அம்மாவோடு வந்து சேர்ந்த பெண். பள்ளியில் வாயே திறக்காது. நாங்கள் பேசுவது பாதி புரியும், பாதி புரியாது. இப்போது முகமெல்லாம் சிவந்து, கண் மின்ன, பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து எனக்குக் காட்டியது.

"மிஸ் ஜெரி! பந்து!"

ஒரு நொடி நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பந்து மூன்று பைக்குள் மட்டும்தான்.

"கண்ணு, இந்த ஜோக்கை யாரு சொல்லிக் குடுத்தா?"

"டெஸ்ஸா குடுத்தா" என்றது மெரிமா. "எனக்கு ஜோக் இல்ல. டெஸ்ஸா, 'என்னோடத நீ வச்சுக்கோ' சொன்னா. தினம் சாப்பாட்டு மேஜையில சொல்லித் தந்தா. நிறுத்து, நாலு எண்ணு, அப்புறம் சொல்லு."

ஜோக் இல்லாமல் எந்த வாசலிலும் போய் நிற்க முடியாதே என்று பயந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை தன் ஜோக்கைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? அப்படியானால் மாட்டு ஜோக் சொன்ன கரகரக் குரல்தான் டெஸ்ஸா. அவள் கையில் இருப்பது கடலைப் பை. வழியிலேயே பிரித்துத் தின்னலாம் என்று அம்மா அனுமதித்த ஒரே பை.

"வெர்னா!" என்று நான் கத்திய கத்தலில் வரிசையில் நின்ற ஒரு டிராகன் அழ ஆரம்பித்துவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், மெரிமாவின் கையில் இருந்த பந்தைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வீட்டுச் செருப்போடு, ஏப்ரனோடு, பனிக்குள் ஓடினாள். ஐம்பத்தெட்டு வயசுப் பெண்மணி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நானும் பின்னால் ஓடினேன். அந்த ஓட்டம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. ஓட ஓடத் தெரு நீண்டுகொண்டே போனது. "டெஸ்ஸா!" என்று வெர்னா கூப்பிட்டாள். பனிக்குள் எத்தனை பேய்கள் இருந்தனவோ அத்தனையும் திரும்பின. எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் இரண்டு ஓட்டைக் கண்கள். முதுகில் ஒட்டிய வெள்ளி நாடாக்கள் டார்ச் வெளிச்சத்தில் பளிச் பளிச்சென்று அணைந்து எரிந்தன. எது டெஸ்ஸா என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாது.

வெர்னா நடுரோட்டில் நின்றாள். மூச்சை இழுத்தாள். சாப்பாட்டு மண்டபத்தில் இரைச்சல் எல்லை மீறும்போது ஒரே ஒரு தடவை போடுவாளே, அந்தக் குரலைப் போட்டாள்.

"எல்லாரும் முகமூடி மேல!"

அத்தனையும் கேட்டன. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் துணிகள் மேலே ஏறின. பனிக்குள் ஒவ்வொன்றாக முகங்கள் வெளியே வந்தன. சிவந்த மூக்குகள், திறந்த வாய்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, அவள் தினமும் சோறு போடுகிற முகங்கள். அப்படி ஒரு காட்சியை அதற்கப்புறம் நான் காணவில்லை. வெர்னா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

டெஸ்ஸா இல்லை.

அடுத்த முனையில் மோரா தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தாள். "என்ன ஆச்சு வெர்னா? எல்லாரும் ஏன் அப்படியே நிக்கறாங்க?"

"டெஸ்ஸா எங்க?"

"முன்னாடி போனா. சர்ச் படியில உக்காந்து உங்க பையைப் பிரிக்கணுமாம். எப்பவும் அங்கதானே..."

வெர்னா தள்ளுவண்டியில் தொங்கிய பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மோராவுக்கு அப்போதுதான் விளங்கியது. குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் பின்னால் ஓடினாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவை உதைத்தேன். கதவைத் திறந்த மனிதர் கையில் மிட்டாய்க் கிண்ணம். "ஜோக்கு?" என்றார் சிரித்துக்கொண்டே.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுய்யா, சர்ச்சுக்கு! பிள்ளை கடலையைத் தின்னுடுச்சு!"

அவர் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு போனுக்கு ஓடினார்.

நான் போய்ச் சேரும்போது டெஸ்ஸா படியில் உட்கார்ந்திருந்தாள். விரிப்பு தோளில் கிடந்தது. ஒரு கையில் பாதி கடித்த சாக்லேட், மடியில் தங்கத்தாள் மடிப்பு பிசகாமல் நீவி வைத்திருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு வீங்க ஆரம்பித்துவிட்டது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"துப்புடி! துப்பு கண்ணு!" என்றாள் வெர்னா.

டெஸ்ஸா துப்பினாள். "மிஸ் வெர்னா, இந்தத் தடவை எனக்கும் சாக்லேட் குடுத்தீங்களே" என்றாள். குரல் ஏற்கெனவே தடித்திருந்தது. "எனக்கு ஆகுற மாதிரி நீங்களே செஞ்சிருக்கீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் திங்கறதுதானே இது? நல்லா இருக்கு. ஆனா வாயெல்லாம் அரிக்குது."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் குழந்தையின் தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை தங்கத்தாளை மற்றவர்கள் கையில் பார்த்திருக்கிறாள். நமக்குத்தான் மாயாஜாலம், அதற்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

வெர்னா கொண்டுவந்த பையிலிருந்து மோரா ஊசி மருந்தை எடுத்து மூடியை இழுத்தாள், கழலவில்லை. வெர்னா வாங்கினாள். பள்ளியில் வருஷா வருஷம் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், நான் பாதித் தூக்கத்தில் கேட்பேன், அவள் எழுதி வைத்துக்கொள்வாள். தொடையின் வெளிப்பக்கம், கால்சட்டைக்கு மேலேயே அழுத்தி வைத்துப் பத்து வரை எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். அவள் குரல் உடையவே இல்லை. டெஸ்ஸா "இஸ்ஸ்" என்று மூச்சு வாங்கினாள். சாய்ந்து உட்கார வைத்துத் தன் ஏப்ரனை அவிழ்த்துப் போர்த்தினாள்.

சுற்றிலும் பிள்ளைகள் கூடிவிட்டன. பனிக்குள் சிறகோடும் கொம்போடும் சத்தமில்லாமல் நின்றன. சிவப்பு விளக்கு சுழல ஆம்புலன்ஸ் வந்தபோது பனி முழுக்கச் சிவந்து, வெளுத்து, சிவந்தது. ஏதோ நாடகம் என்று நினைத்து ஒரு சின்ன வௌவால் கை தட்டியது. யாரும் அதைத் திட்டவில்லை.

மெரிமா பந்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் அருகில் போய், "உன் தப்பு ஒண்ணும் இல்லடி" என்றேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கையைப் பிடித்து அதன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

டெஸ்ஸா பிழைத்துக்கொண்டாள். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம், ஆனால் நாங்கள் அந்த ஆஸ்பத்திரி நடையில் இரண்டு மணி நேரம் தெரியாமல்தானே உட்கார்ந்திருந்தோம், நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். டாக்டர் வந்து மூச்சு சீராகிவிட்டது, ராத்திரி மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றார். மோரா சுவரில் சாய்ந்தாள். அப்புறம் வெர்னாவிடம் வந்தாள். நான் சண்டைக்கு ஆயத்தமானேன். யார் பக்கம் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

மோரா கத்தவில்லை. "எல்லா வீட்டுப் பையையும் பிரிச்சுப் பாப்பேன் வெர்னா. உங்க வீட்டுதை மட்டும் பாக்க மாட்டேன்" என்றாள். "இனிமே பாப்பேன்."

"பாக்கணும் மோரா" என்றாள் வெர்னா.

அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் அவள் கதவைத் திறக்கவில்லை. நான் தட்டினேன், திட்டினேன், சூப் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். வழக்கம் போல வலையைத் தலையில் மாட்டினாள். தலைமை ஆசிரியர் வந்து ஆறுதல் சொன்னார், பிள்ளைகள் பூக்கள் வரைந்து கொடுத்தன. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். வேலையை விடப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ராஜினாமாக் கடிதம், வேறென்ன.

புதன்கிழமை டெஸ்ஸா வந்தாள்.

வரிசை நீளமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் மெரிமா, அதற்குப் பின்னால் பால் ஒத்துக்காத ஒரு பையன், பெயர் வார்ரன். இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் அவனுக்கு வேறு பாத்திரத்திலிருந்து பரிமாறி வந்தாள் வெர்னா. டெஸ்ஸா தட்டை நீட்டினாள். வெர்னா எப்போதும் போல, எப்போதையும் விட மென்மையாகச் சிரித்துக்கொண்டு, அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்ததைத் தட்டில் வைத்தாள்.

டெஸ்ஸா தட்டை எடுக்கவில்லை. தட்டைப் பார்த்தாள். வெர்னாவைப் பார்த்தாள். இருபது பிள்ளைகளுக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்.

"இதுல கடலை இருக்கா?"

அந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி அது. அவள் கையிலிருந்து வாங்குகிற எதையும் யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. ஓடிப்போய் அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்தலாமா என்று கூடத் தோன்றியது.

வெர்னாவின் முகம் வெளுத்தது. கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்ல" என்றாள். பிறகு, "கோழி, மாவு, உப்பு, மக்காச்சோளம். கடலை இல்ல. சமைச்ச பாத்திரமும் தனி. நம்பிக்கை இல்லன்னா மிஸ் ஜெரியையும் கேளு."

டெஸ்ஸா என் பக்கம் திரும்பினாள். "இல்லடி" என்றேன்.

டெஸ்ஸா தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், ஒரு கோபமும் இல்லாமல், மழை வருமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி. மெரிமா தட்டை வாங்கிக்கொண்டது. அதற்குப் பின்னால் வார்ரன் வந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான்.

"எனக்குப் பால் ஒத்துக்காது" என்றான், தரையைப் பார்த்து. "இதுல... பால் இருக்கா, மிஸ் வெர்னா?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்த ஒரு பெண், "எங்க தம்பிக்கும் ஆகாது" என்றது, அவ்வளவுதான்.

வெர்னா அவனுக்குப் பதில் சொன்னாள். தட்டைக் கொடுத்தாள். "ஒரு நிமிஷம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளிர் அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"விடுடி" என்றேன். "சின்னப் பிள்ளை. பயந்துபோய்க் கேட்டுடுச்சு. மறந்துடும்."

"மறக்கக் கூடாது ஜெரி!" என்று திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அந்தப் பையனைப் பாத்தியா? ரெண்டு வருஷமா அவனுக்குக் கேக்கணும்னு இருந்திருக்கு. நான்தான்டி இத்தனை வருஷமும் அதுங்க வாயைப் பொத்தி வச்சிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மூக்கைத் துடைத்துக் குப்பையில் போட்டாள். வெளியே வரிசை தட்டுகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கரண்டியை எடுத்தாள். அன்று கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடைசிப் பத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆறிப்போய்விட்டது.